நாலாம் ஜன்னலுக்கு எத்தனை ஜி.பி.?

அலுவலகத்தில் அவருக்கு அளவுகோல் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அளவுகோல். முகத்துக்கு நேரே சார். மரியாதையை முன்னிட்டு ஓர் 'ஆர்' சேர்த்து அளவுகோலார் என்றே இங்கு அழைப்போம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபத்தையும் அளந்தே படுகிறவர்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் வழங்கும் அந்த மாடிக் கட்டடத்தில் அவர் பண்டகசாலைப் பொறுப்பாளர். நாற்காலி, மேசை, மின்விசிறி, துடைப்பம், குண்டூசி யாவும் அவர் கண்ணில் பட்டே உள்ளே வர வேண்டும். சட்டைப் பையில் எஃகு நாடா ஒன்று எப்போதும் இருக்கும். நாற்காலி வாங்குவதற்குமுன், அதில் உட்காரப் போகிறவரின் முழங்காலுக்கும் தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பார். வாளி வாங்குவதற்குமுன், குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. இவர் போட்ட பிறகும் இறங்கி ஒருமுறை அளப்பார் என்பது அலுவலகக் கேலி.

"தூங்கறப்பவும் அந்த டேப்பு சட்டைப் பையிலதான் இருக்குமா?" என்று அவர் மனைவியிடமே கேட்பார்கள்.

"ச்சே ச்சே, அப்ப தலையணைக்கு அடியில" என்பார் மனைவி.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்துக்குப் பெரிய பெரிய இரும்பு அலமாரிகள் வந்திறங்கின. வந்தவை உள்ளே போகவில்லை. வாசலைவிட நான்கு விரற்கடை அகலம். கதவைக் கழற்றினார்கள், நிலையைச் செதுக்கினார்கள், சாய்த்தும் படுக்கவைத்தும் பார்த்தார்கள். கடைசியில் அவை தாழ்வாரத்திலேயே நின்று துருப்பிடித்தன. மழைக்காலத்தில் ஊழியர்கள் அவற்றுக்குள் குடைகளை வைத்தார்கள். அப்போது கடைநிலை எழுத்தராக இருந்த இவர், "வாசல ஒரு தடவ அளந்திருக்கலாமே" என்று சொன்ன ஒரே வாக்கியத்துக்காகப் பண்டகசாலைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் ஒரு விதி செய்தார். எந்தப் பொருளானாலும், அது புழங்கும் இடத்திலேயே போய்ப் புழக்கத்தை நேரில் அளக்க வேண்டும்; வந்த அளவுகளில் மிகப் பெரியதை எடுத்து, அதன்மேல் கால் பங்கு கூட்டி வாங்க வேண்டும். அதற்கு மேல் வாங்குவது வீண். அதற்குக் கீழ் வாங்குவது கஞ்சத்தனம். அந்த விதிக்குப் பிறகு தாழ்வாரத்தில் எந்தப் பொருளும் நிற்கவில்லை. மேலதிகாரிகள் வந்தார்கள், போனார்கள், விதி இருந்தது.

அவர் மனைவி அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாலாம் ஜன்னலில் இருந்தார். பிறப்புச் சான்றிதழ் கேட்பவர்கள் வந்து நிற்கும் கண்ணாடி ஜன்னல் அது. ஜன்னல் எண்ணே அவருக்கும் பெயராகிவிட்டது. "நாலாம் ஜன்னல் இன்னைக்கு லீவா?" என்று கேட்டால் அவரைக் கேட்கிறார்கள் என்று பொருள். கைக்குழந்தையாகத் தாம் பதிந்த பிள்ளை, வளர்ந்து தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தவர். "உன் பேர்ல உங்கப்பா ரெண்டெழுத்து விட்டுட்டு எழுதிட்டுப் போயிட்டார்டா, நான்தான் கூப்பிட்டுத் திருத்தினேன்" என்று அந்தப் பிள்ளையின் மனைவி முன்னாலேயே சொல்லுவார். ஒருமுறை உடல்நலமில்லாமல் ஒரு மாதம் வீட்டில் இருந்தபோது, சமையலறைத் தட்டுகளை மூன்று தடவை இடம் மாற்றி அடுக்கிவிட்டு, நான்காவது தடவை தொடங்குமுன் வேலைக்கு ஓடிவிட்டார். அந்த ஜன்னல் இல்லாத மனைவியை அளவுகோலாருக்குக் கற்பனை செய்யத் தெரியாது.

இந்த ஜன்னலுக்குத்தான் இரண்டு வருடமாகச் சனியன் பிடித்திருந்தது. சனியன் கணினியின் வடிவில் வந்தது.

ஒரு சான்றிதழுக்கு மனைவி திறக்க வேண்டியவை பல. முதலில் விண்ணப்பம். பிறகு மருத்துவமனைப் பதிவேட்டின் பழைய பக்கம். அதைப் படமாக எடுத்தவர்கள் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக எடுத்துத் தொலைத்திருந்தார்கள். பிறகு முகவரியைச் சரிபார்க்கும் இணையப் பக்கம். தலைமையகத்தின் புகார்ப் பக்கம் ஒன்று எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. கடைசியில் அச்சுக்கு முந்திய தோற்றம். நான்காவதைத் திறக்கும்போது திரையின் நடுவில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கும். ஐந்தாவதைத் திறந்தால் சக்கரமும் நின்றுவிடும்.

சக்கரம் சுழலும்வரை மனைவி பேச்சுக் கொடுத்துச் சமாளிப்பார். குழந்தைக்கு என்ன பெயர், யாரைப்போல் மூக்கு, ஒழுங்காகத் தூங்குகிறதா என்றெல்லாம் கேட்பார். கேள்விகள் தீர்ந்தபிறகும் சக்கரம் தீராது. அப்புறம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வார்த்தைகள் வரும்.

"ஏம்மா, புள்ளைக்குப் பல்லு மொளைச்சுரும்போல இருக்கே, சான்றிதழ் வருமா வராதா?"

"இந்தப் பொம்பளைக்கு ஓட்டத் தெரியலேன்னா தெரிஞ்சவங்கள உக்கார வையுங்கப்பா!"

முதல் வார்த்தைக்கு மனைவியும் சேர்ந்து சிரித்துவிடுவார். இரண்டாவது வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அலுவலகம் முழுவதற்கும் புதுக் கணினிகள் வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று மாலை, சாப்பாட்டுத் தட்டின்முன் மனைவி நேராகவே கேட்டார்.

"எத்தனை போடப் போறீங்க?"

"எது எத்தனை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மெமரி. இப்ப இருக்கறது நாலு ஜி.பி. அது பத்தல. எட்டாச்சும் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"அளந்து பாக்கணும்."

"அளங்க. வேண்டாங்கல. ஆனா வர்றதும் இதே மாதிரி வந்து நின்னுச்சுன்னா, நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல உக்காந்துடுவேன். பேச்சு வாங்கியே காது பழுத்துப் போச்சு. இத மெரட்டறதுக்காகச் சொல்லல."

மிரட்டலுக்காகச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மிரட்டும்போது மனைவியின் குரல் உயரும். இது தாழ்ந்தே இருந்தது.

கணினிகளைப் பழுதுபார்க்க வெளியிலிருந்து வருகிற ஒரு வழுக்கைத் தலைக்காரர் உண்டு. எதைக் கேட்டாலும் "சரி சார்" என்று தொடங்குவார். அதனால் அவருக்குச் 'சரிசார்' என்றே பெயர். மறுநாள் காலை அளவுகோலார் அவரைப் பண்டகசாலைக்கு அழைத்து உட்கார வைத்தார்.

"இந்த மெமரிங்கறது என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"சரி சார். உங்க பண்டகசாலையவே எடுத்துக்கங்க. உள்ள எவ்வளவு சரக்கு கொள்ளுது?"

"நிறைய."

"வண்டியிலேர்ந்து எறக்கி வைக்கிற மேடை இருக்குல்ல, அது எவ்வளவு?"

"சின்னது. நாலு பெட்டி வைக்கலாம்."

"அஞ்சாவது பெட்டி வந்தா?"

"ஒண்ண உள்ள தள்ளிட்டுத்தான் அத எறக்கணும்."

"அவ்வளவுதான் சார். உள்ள கிடங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் வேலை நடக்கறது மேடையிலதான். அந்த மேடைதான் ரேம். எடம் பத்தலேன்னா ஒண்ண உள்ள தள்ளும், ஒண்ண வெளிய எடுக்கும், மறுபடி தள்ளும். அந்த நேரத்துல உங்க வீட்டம்மா சக்கரத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க."

அளவுகோலாருக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியது மட்டுமன்றி, தம் பண்டகசாலை மேடையைப் பெரிதாக்கித் தரும்படி இத்தனை வருடத்தில் தாம் ஒருமுறைகூடக் கேட்காததும் நினைவுக்கு வந்து சிறிது வலித்தது.

"அப்ப எத்தனை ஜி.பி. வேணும்?"

"எட்டு போட்டா நல்லது சார். பதினாறு போட்டா ரொம்ப நல்லது."

"நல்லதுன்னா எவ்வளவு நல்லது?"

சரிசார் தலையைத் தடவினார். "நல்லதுக்கு அளவு உண்டா சார்?"

"இருக்கணுமே."

"அப்ப அளந்துருவோம் சார். ஒவ்வொரு மெஷின்லயும் எவ்வளவு பிடிச்சிருக்குன்னு காட்டற பக்கம் ஒண்ணு இருக்கு. ஆளுங்க வேலை செய்யறப்ப பின்னால நின்னு பாத்தா போதும்."

அளவுகோலாருக்கு மகிழ்ச்சி. அவருடைய விதி கணினிக்கும் செல்லுபடியாகிறது! மனைவியின் நாலாம் ஜன்னலை அளந்தால் போதும், இருக்கிற நாலும் நிரம்பியிருக்கும், கால் பங்கு கூட்டினால் ஐந்து, கடையில் அதற்கு அடுத்தது எட்டுதான் என்று அவர் நம்பினார். நம்பிக்கையில் குற்றமில்லை.

அளக்கப் போகும் நாள் காலையில் அவருக்கு ஒரு சங்கடம் எழுந்தது. மனைவியிடம் சொல்வதா, வேண்டாமா? 'இன்று வந்து பின்னால் நிற்போம். வழக்கம்போல் எல்லாப் பக்கங்களையும் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் மனைவிக்கு மட்டும் சொன்னால் அது ஓரவஞ்சனை. எல்லாருக்கும் சொன்னால் அளவு கெட்டுவிடும். ஆளாளுக்கு வேண்டாததையெல்லாம் திறந்துவைப்பார்கள். தராசைத் தொட்ட கையை மறைக்க முடியாது என்பது அவர் கொள்கை. சொல் தொண்டைவரை வந்தது. காலைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இருவரும் மாடியிலிருந்து தொடங்கினார்கள். கையில் அட்டையும் எழுதுகோலுமாக அளவுகோலார், பக்கத்தில் சரிசார். முதல் அறைக்குள் நுழைந்ததுமே நடந்ததை அளவுகோலார் கவனித்தார். ஆனால் அது இன்னதென்று உறைக்கவில்லை. ஒருவர் சதுரங்கத்தை மூடினார். இன்னொருவர் பாட்டை மூடினார். ஓர் அம்மையார் பாதியில் பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தை மூடி, அதோடு சேர்த்து அலுவல் பக்கங்களையும் பதற்றத்தில் மூடிவிட்டார். அடுத்த அறைக்கு அவர்கள் போவதற்குமுன் செய்தி போய்விட்டது: அளவுகோல் சோதனைக்கு வருகிறார், மேசையும் திரையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

கையில் அட்டையோடு ஒருவர் பின்னால் வந்து நின்றால், எந்த ஊழியரும் செய்வது ஒன்றுதான். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, உலகிலேயே இந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதையும் அறியாதவரைப்போல் உட்கார்ந்துவிடுவார். அன்று கட்டடம் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மேலதிகாரியின் கணினி மட்டும் விலக்கு. அவருக்குத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. அதனால் அவருடையதில் எல்லாமே திறந்து கிடந்தன. பெரும்பாலானவை வானிலை அறிக்கைகள். அங்கே மூன்று ஜி.பி. வந்தது. மற்ற எல்லா இடத்திலும் அதற்குக் கீழே.

கடைசியில் கீழ்த்தளம், நாலாம் ஜன்னல். கணவர் வந்து நிற்பதைக் கண்ணாடியின் பிரதிபலிப்பிலேயே மனைவி பார்த்துவிட்டார். அளவுகோலாரின் கண்ணெதிரே விண்ணப்பம் மூடப்பட்டது. பதிவேட்டுப் படம் மூடப்பட்டது. முகவரிப் பக்கம் மூடப்பட்டது. எந்நேரமும் திறந்திருக்க வேண்டிய புகார்ப் பக்கமும் மூடப்பட்டது. பிறகு மனைவி ஒரு பக்கத்தைத் திறந்து, வேண்டியதைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார். ஒரே குடத்தோடு நடந்து நடந்து தண்ணீர் சுமப்பவரைப்போல அத்தனை பொறுமையாகச் செய்தார். சக்கரம் ஒரு தடவைகூடச் சுழலவில்லை. வரிசை முனகியது; மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு புள்ளி மூணு சார்" என்றார் சரிசார் தணிந்த குரலில். "இருக்கறதுலயே கம்மி."

அளவுகோலார் மனைவியின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் தராசைத் தொட்டதாகும். திறக்காவிட்டால் தராசே பொய் சொன்னதாகும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், அட்டையில் இரண்டு புள்ளி மூன்று என்று எழுதினார்.

மாலையில் மனைவி மலர்ந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"எப்படி இருந்துச்சு நம்ம டேபிள்? மத்தவங்க மாதிரி இல்லாம பளிச்சுன்னு இருந்துச்சுல்ல?"

"ஏன் எல்லாத்தையும் மூடினே?"

"பின்ன? கட்டின புருஷன் ஊரறிய அட்டையத் தூக்கிட்டு வந்து பின்னால நிக்கறார். அலங்கோலமா வெச்சுக்கறதா? அளவுகோல் பொண்டாட்டி டேபிளே இந்த லட்சணம்னு நாலு பேர் பேசணுமா?"

"நாங்க அளக்க வந்தது மெமரிய."

மனைவியின் கை அப்படியே நின்றது. அளவுகோலார் விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த முகத்தில் மலர்ச்சி சுருங்கி, அந்த இடத்தில் வேறு எதுவும் வராமல் வெறுமையாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா நியாயமில்ல."

"நியாயமில்லதான்" என்றார் மனைவி. "இப்ப இது நியாயமா?" என்று கேட்டார்.

மறுநாள் அளவுகோலார் மேலதிகாரியின் அறைக்குப் போனார். மேலதிகாரி கெட்டவரல்லர், அவருக்கு இந்த அலுவலகத்தில் பிடித்த ஒரே விஷயம் அளவுகோலாரின் விதிதான். யார் எது கேட்டாலும் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

"சார், இன்னொரு தடவை அளக்கணும்."

"ஏன்? நீங்க அளந்தது தப்பா?"

"அளவு சரி சார். அளந்த நேரந்தான் சரியில்ல. எல்லாரும் பயந்துட்டு எல்லாத்தையும் மூடிட்டாங்க."

"மூடிட்டு வேலை நடந்துச்சா இல்லியா?"

"நடந்துச்சு சார்… ஆனா மெதுவா."

"நடந்துச்சுல்ல? இருக்கற நாலுலயே மூணுதான் ஆவுது. அதுவும் என்னோட மெஷின்ல." இதைச் சொல்லும்போது மேலதிகாரியின் குரலில் லேசான பெருமை இருந்தது; அலுவலகத்திலேயே அதிகம் உழைப்பவர் தாம்தான் என்று அந்த எண் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். "உங்க விதிப்படி கால் பங்கு கூட்டுங்க. மூணே முக்கால். கடையில மூணே முக்கால் கெடைக்காது. நாலு."

"எட்டாச்சும் வேணும் சார். புது மெஷின்ல வர்ற சிஸ்டமே ரெண்டு தின்னுடும்னு மெக்கானிக் சொல்றார்."

"விக்கறவங்க பக்கத்து ஆளு அப்படித்தான் சொல்வார். நீங்களே எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க?"

உண்மைதான். அவரே பல தடவை சொல்லியிருந்தார்.

"எந்த மெஷினுக்கு எட்டு கேக்கறீங்க? குறிப்பா?"

"ஜன்னல்களுக்கு சார்."

"நாலாம் ஜன்னலுக்கும்தானே?"

அளவுகோலார் சட்டைப் பையிலிருந்த நாடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேலதிகாரி அன்போடுதான் சொன்னார்: "நான் உங்களச் சந்தேகப்படல. ஊரு படும். இருக்கறதுலயே கம்மியா வந்த மெஷினுக்கு, அங்க உக்காந்திருக்கறது உங்க வீட்டம்மாங்கறதுக்காக அதிகமா வாங்கினார்னு ஒரு பேச்சு வந்தா, இத்தனை வருஷம் நீங்க சேத்து வெச்ச பேரு என்ன ஆகும்? சொல்லுங்க."

ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி, கூழ்ப்பானையில் விழுமாம் துள்ளி. தாம் செய்த விதி இத்தனை உறுதியானது என்று அன்றுதான் அளவுகோலாருக்குத் தெரிந்தது. அதில் ஊசி நுழைய இடமில்லை. செய்தவரும் நுழைய முடியாது.

நாலே முடிவாயிற்று.

புதுக் கணினிகள் வந்திறங்கின. வாசலில் தாராளமாக நுழைந்தன; மேசையடியில் கச்சிதமாகப் பொருந்தின. ஒவ்வொரு பெட்டியின் மூடியும் முத்திரைத் தாள் ஒட்டி வந்தது. அதைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, ஒவ்வொரு முத்திரைத் தாளின் மீதும் அளவுகோலாரே கையெழுத்திட்டார். கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் புதுத் திரைகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி ஒரு முற்பகல் நீடித்தது. சரிசார் சொன்னதுபோலவே, உள்ளே இருந்த புது அமைப்பு தன் பங்குக்கு இரண்டைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தது. பழைய கணினியில் நான்காவது பக்கத்தில் வந்த சக்கரம், இப்போது இரண்டாவதிலேயே வந்தது. மாடியில் இருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லையில்லை. அவர்கள்முன் யாரும் வந்து நிற்பதில்லை. ஜன்னல்களில்தான் வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வாசற்படிவரை போயிற்று.

மனைவி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அளவுகோலாரை வாட்டியது. முன்பெல்லாம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்த வசவுகளைக் குரல் மாற்றி நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். இப்போது தட்டை வைத்தார், எடுத்தார், படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் அளவுகோலாரே சரிசாரைத் தேடிப் போனார். வேறோர் இடத்தில் கழித்துப் போட்ட கணினியிலிருந்து எடுத்த எட்டு ஜி.பி. நினைவகப் பட்டை ஒன்று சரிசாரின் பையில் கிடந்தது.

"வெச்சுக்கங்க சார். ஓடினா ஓடட்டும்."

"பொருந்துமா?"

"சரி சார்… பொருந்தும்னுதான் நெனைக்கறேன். நீளம் எல்லாத்துலயும் ஒண்ணுதான்."

அளவுகோலார் அங்கேயே நாடாவை எடுத்து நீளத்தைப் பார்த்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக, விதிக்கு வெளியே ஒரு பொருள் அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று.

உணவு இடைவேளை. ஜன்னல்களில் தடுப்புப் பலகைகள் இறங்கியிருந்தன. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மனைவி மட்டும் நாலாம் ஜன்னலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். திருப்புளியோடு வந்து நின்ற கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன இது, புது வேலை?"

"எட்டு கெடைச்சிருக்கு. மாட்டிடறேன்."

"சீல உடைக்கணுமே. அதுல உங்க கையெழுத்துல்ல இருக்கு?"

"என் கையெழுத்துதானே."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நல்லா யோசிச்சீங்களா? எனக்கு மட்டும் வேகமா ஓடினா, மூணாம் ஜன்னல் கூட்டமும் அஞ்சாம் ஜன்னல் கூட்டமும் என் தலையிலதான் விடியும்."

"விடியட்டுமே. நீ சமாளிச்சுடுவே."

"அது என்னவோ நெஜந்தான்" என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வழிவிட்டார்.

அளவுகோலார் குனிந்து, தவழ்ந்து, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். அந்த மேசையை அளந்து வாங்கியவர் அவரே. உட்காருபவரின் கால்களுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவே வைத்திருந்தார். முத்திரைத் தாளின் ஓரத்தில் திருப்புளியை நுழைத்தார். தாள் அவருடைய கையெழுத்தின் நடுவில் கிழிந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பட்டையை எடுத்தார். கையில் இருந்த பட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீளம் ஒன்றே, மயிரிழை வித்தியாசம் இல்லை. பள்ளத்தில் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். இறங்கவில்லை.

இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டையின் அடியில் ஒரு சிறு வெட்டு உண்டு. பள்ளத்தில் உள்ள மேட்டில் அது போய் உட்கார வேண்டும். இதில் அந்த வெட்டு ஓர் அரிசி அகலம் தள்ளி இருந்தது. அவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்திருந்தார். நடுவில் அளக்கவில்லை.

அந்நேரம் மேலே தடுப்புப் பலகை தட்டப்பட்டது. மணி அடித்துவிட்டது. மூன்றாம் ஜன்னலிலும் ஐந்தாம் ஜன்னலிலும் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. இப்போது வெளியே வந்தால், கையில் திருப்புளியும் காலடியில் கிழிந்த முத்திரையுமாக, சக ஊழியர் அத்தனை பேர் எதிரிலும் தவழ்ந்து வர வேண்டும். அவசர அவசரமாகப் பழைய பட்டையை எடுத்த இடத்திலேயே மாட்டினார். மனைவி பலகையை உயர்த்தினார். கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். மேசையடியில் அளவுகோலாரின் காதோரத்தில் விசிறி சுழலத் தொடங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் காலடிகள் நெருங்கி நின்றன. ஒரு குழந்தை சிணுங்கியது.

"என்னம்மா, சாப்ட்டுத் தூங்கிட்டீங்களா?"

"வந்துருச்சுங்க, இப்ப வந்துரும். பாப்பாவுக்குப் பேரு வெச்சாச்சா?"

"அதெல்லாம் போன வாரமே கேட்டுட்டீங்க. சொல்லியும் ஆச்சு."

"ஓ…"

பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது. மேடையில் இடமில்லாமல் ஒன்றை உள்ளே தள்ளி இன்னொன்றை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது மினுக்கும். மனைவி ஒவ்வொரு பக்கமாகத் திறக்கத் திறக்க அதன் மினுக்கல் நெருங்கி நெருங்கி, கடைசியில் ஓயாமல் எரிந்தது. இதுதான் அளந்திருக்க வேண்டிய அளவு. அதை இப்போது அவர் ஒரு சாண் தொலைவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே குரல்கள் தடித்தன. இத்தனை நாளாக மனைவி நடித்துக் காட்டிய குரல்கள். நேரில் கேட்கும்போது அவற்றில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். ஒருவர் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். மனைவியின் பாதங்கள் அவர் முழங்கால்களுக்கு அருகில் இருந்தன. செருப்பைக் கழற்றி, கால்விரல்களைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். முகம் என்ன செய்ததோ, தெரியவில்லை. குரல் மட்டும் மாறவே இல்லை.

சற்றுப் பொறுத்து, எதையோ தேடுவதுபோல் மனைவி குனிந்தார். இருவர் கண்களும் சந்தித்தன.

"பொருந்திச்சா?"

"இல்ல. வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கு."

மனைவி அந்தப் பட்டையையும் கிழிந்த முத்திரையையும் பார்த்தார்; கடைசியில் அவரைப் பார்த்தார்.

"அப்ப நான் எழுதிக் குடுத்துடறேங்க."

வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். மேலே மறுபடி கண்ணாடி தட்டப்பட்டது.

"சரி" என்றார்.

"யார்கிட்டம்மா பேசறீங்க கீழ?"

"சிஸ்டத்துகிட்டதாங்க" என்று சொல்லியவாறே மனைவி நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகு, உதடு அசையாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கால மடக்கிக்கங்க. மிதிச்சுடப் போறேன்."

மடக்கினார். அதற்குமேல் மடக்க அங்கே இடம் இருக்கவில்லை.